பலாலிக்கு ஒன்றேகால் மணித்தியாலம்

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு ஆகாயவழியில் ஏறக்குறைய 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குப் பறப்பதைவிட இது குறைவு. அட்டவணையில் ஒன்றேகால் மணித்தியாலம், அல்லது அதற்கு ஐந்து பத்து நிமிடம் கூட, என்று போட்டிருப்பார்கள்; மீனம்பாக்கத்தில் விமானம் ஊர்ந்து ஊர்ந்து ஓடுபாதைக்கு வந்து சேர்கிற நேரத்தைக் கழித்துவிட்டால், வானத்தில் இருப்பது ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும். என் தங்கையின் பேரப்பிள்ளைகள் இந்தக் கணக்கையெல்லாம் கைத்தொலைபேசியில் ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, "இவ்வளவு கிட்டவா தாத்தா? பிறகேன் நீங்கள் எல்லாரும் சந்திரனுக்குப் போய்வந்த மாதிரிக் கதைக்கிறீங்கள்?" என்று கேட்கிறார்கள்.

அவர்கள் கேட்பது நியாயம்தான். என் வயதுக்காரர்களைக் கேட்டால், இந்தத் தூரம் ஒருகாலத்தில் ஒன்றரை நாளாக இருந்தது என்பார்கள். பிறகு ஓர் இரவு உப்புத்தண்ணீரில் நனைந்த பயணமாக இருந்தது என்பார்கள். அதற்கும் பிறகு ஒரு மாதமோ, போகவே முடியாத ஒன்றாகவோ இருந்தது என்பார்கள். ஊருலகத்தில் பிரயாணக் கதை சொல்ல வருகிறவர்கள் முதலில் மாட்டுவண்டி, அப்புறம் ரயில், அப்புறம் விமானம் என்று படிப்படியாக ஏறிவந்து, கடைசிப் படியில் நின்றுகொண்டு பெருமூச்சு விடுவார்கள். எங்கள் கதை அந்தப் படிகளுக்கு அடங்காது. எங்களுக்கு விமானம் 1947இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் விமானம் நின்றது, கப்பல் நின்றது, ரயில் நின்றது, ரோட்டும் நின்றது; எல்லாம் நின்று முடிந்த பிறகு மறுபடி ஒவ்வொன்றாகத் தொடங்கியது.

1947 டிசம்பர் 10ஆம் தேதி ஏர் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியபோது, அந்த டக்கோட்டா விமானம் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து மதராசுக்குப் போனது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. காங்கேசன்துறை என்று பெயரே தவிர, இறங்கியது போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட இதே பலாலித் தரையில்தான். டக்கோட்டாவின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பலாலியிலிருந்து மதராசுக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருக்காது. காலையில் வீட்டில் பிட்டும் சம்பலும் சாப்பிட்டவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு மவுண்ட் ரோட்டில் இருந்திருக்கலாம். எழுபத்தைந்து வருடத்து விஞ்ஞானம் இந்தப் பாதையில் எங்களுக்கு மிச்சம் பிடித்துத் தந்தது அரை மணித்தியாலம் என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், வேறு என்னவோவும் வரும்.

அந்த விமானத்தில் சட்டத்தரணிகள் போனார்கள், டாக்டர்மார் போனார்கள், கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள் போனார்கள். எங்கள் குடும்பத்தில் போனவர் பெரியப்பா ஒருவர்தான். விமானம் எழும்ப முன்னர் ஒரு பெண் தட்டத்தில் இனிப்பும் காதில் வைக்கப் பஞ்சும் கொண்டுவந்து நீட்டியதை அவர் சொல்லிச் சொல்லியே எங்களுக்கு அந்தப் பஞ்சின் மென்மை விரலில் தெரிந்தது. இனிப்பை வாயில் போட்ட பெரியப்பா பஞ்சைக் காதில் வைக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆச்சியின் வெற்றிலைப் பெட்டிக்குள் அது வெகுகாலம் கிடந்தது. ஊரில் யாருக்குக் காது குத்தினாலும், "ஆகாயத்தால வந்த பஞ்சு" என்று ஒரு துளி கிள்ளிக் கொடுப்பாள்.

நான் மதராசுக்குப் படிக்கப் போனது எழுபதுகளின் தொடக்கத்தில். விமானத்தில் போகிற வசதி எங்களுக்கு இல்லை. இல்லாமல் போனதுக்கு இன்றைக்கு நன்றி சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் பின்னேரம் ரயில் ஏறி, மதவாச்சியில் இறங்கி, கொழும்பிலிருந்து வருகிற தலைமன்னார் மெயிலுக்காக நடு இரவில் காத்திருக்கவேண்டும். மதவாச்சி பிளாட்பாரத்தை அறிந்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. பெட்டிகளின்மேல் தலைவைத்துப் படுத்துக்கிடக்கும் குடும்பங்கள், "வடே, வடே" என்று இழுத்துக் கூவிக்கொண்டு வரும் சிங்களப் பையன்கள், ஒவ்வொரு வடையின் முதுகிலும் முழு இறாலாக ஒன்று, ஆவி பறக்கும் தேத்தண்ணி. ஒரு வடையை வாங்கி மெல்ல மெல்லக் கடித்து, ரயில் வரும்வரைக்கும் அதை முடிக்காமல் வைத்திருப்பேன். பக்கத்தில் இருப்பவர் எந்த ஊர், எங்கே போகிறார், அங்கே யார் இருக்கிறார்கள், மகளுக்குக் கலியாணம் பேசியாகிவிட்டதா என்பதெல்லாம் அந்த வடை முடிவதற்குள் தெரிந்துவிடும்.

விடியும்போது ரயில் தலைமன்னார் இறங்குதுறைக்கு வந்துவிடும். தண்டவாளம் கடல் விளிம்புவரை போகும்; இறங்கினால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். கப்பல் எல்லா நாளும் ஓடாது, வாடைக்காலம் பிறந்தால் அதுவும் நின்றுவிடும். 1914இல் பாம்பன் பாலம் திறந்த வருடத்திலிருந்து ஐம்பது வருடம் கப்பல் தனுஷ்கோடிக்குப் போனது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் தின்ற பிறகு ராமேஸ்வரத்துக்குப் போனது. என் காலத்தில் ஓடியது 'ராமானுஜம்'. கணிதமேதையின் பெயரா, ஆசாரியரின் பெயரா என்று மேல்தட்டில் நின்று நாங்கள் விவாதித்ததுண்டு. இரண்டு கட்சிக்கும் ஆள் இருந்தது.

அந்தக் கப்பலில் என்னைப்போலப் படிக்கப் போகிறவர்கள் இருந்தார்கள், கோவில் தரிசனத்துக்குப் போகிறவர்கள் இருந்தார்கள், சேலையும் கைலியும் வாங்கி விற்கிற சின்ன வியாபாரிகள் இருந்தார்கள். எங்கள் சூட்கேசுகளுக்குள் மதராஸ் சொந்தக்காரர்களுக்கென்று ராணிச் சந்தனச் சவுக்காரமும் கராம்பும், அம்மா தன் கையால் இடித்த மிளகாய்த்தூளும், குட்டான் குட்டானாகப் பனங்கட்டியும் இருக்கும். சுங்கத்தில் மிளகாய்த்தூள் பொட்டலத்தைத் திறந்து பார்த்த அதிகாரி தும்முவார். அவர் தும்முவதற்காகவே நாங்கள் வரிசையில் காத்திருப்போம்.

எங்களோடு கப்பலில் இன்னொரு கூட்டமும் இருந்தது. எங்களைவிட அவர்கள்தான் அதிகம். 1964இல் கொழும்பும் டெல்லியும் போட்ட ஒப்பந்தத்தின்படி, தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவாகியிருந்தது. ஹட்டனிலும் பதுளையிலும் பண்டாரவளையிலும் இருந்து கோச்சி பிடித்து வந்தவர்கள். ஒரு பயணத்தில் என் பக்கத்தில் ஒரு கிழவர் இருந்தார். பித்தளைக் குடம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே பிடித்திருந்தார்; குடத்துக்குள் துணி, துணிக்குள் சாமிப்படம், படத்துக்கு மேலே ஒரு பிடி தேயிலைச் செடிகள், வேரோடு, மண்ணோடு, ஈரச்சாக்கில் சுற்றி. "எங்க போறீங்கள் ஐயா?" என்று கேட்டேன். "ஊருக்குத் தம்பி" என்றார். எந்த ஊர் என்றேன். "புதுக்கோட்டைப் பக்கமுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. நான் பாத்ததில்ல." கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் என்னைக் கேட்டார்: "நீங்க திரும்ப வருவீங்களா தம்பி?"

ஓம், சித்திரை விடுமுறைக்கு வருவேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்தப் பயணத்தைப் பற்றி நான் எவ்வளவு இனிப்பாகப் பேசினாலும், இந்தக் கிழவரைச் சொல்லாமல் பேசினால் அது பொய். ஒரே கப்பல், ஒரே காற்று, ஒரே தூரம். எனக்கு அது ஓர் உல்லாசமான இடைவெளி. அவருக்கு அது ஒருவழிச் சீட்டு. ஆனாலும் அவருக்குப் பக்கத்தில் என்னைச் சில மணித்தியாலம் உட்காரவைத்தது அந்தப் பயணத்தின் மந்தகதிதான். வேகமாகப் போயிருந்தால் மலையகத் தமிழர் என்பவர்கள் எனக்குப் பத்திரிகைத் தலைப்பாக மட்டும் இருந்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பேருக்கு அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

ராமேஸ்வரத்தில் ரயில் ஏறினால், பாம்பன் பாலத்தில் அது நடைவேகத்துக்கு இறங்கும். இரண்டு பக்கமும் யன்னல் வழியே கடல் மட்டும்; சில்லறைக் காசை எடுத்து எறிகிற கிழவிகள்; கண்ணை மூடிக்கொள்கிற கல்லூரி மாணவர்கள். பிறகு மண்டபம், மானாமதுரை, நடுச்சாமத்துத் திருச்சி. மூன்றாம் நாள் காலையில் எழும்பூர். வழி நெடுக ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வடையின் வட்டம் மாறும், தேத்தண்ணி காப்பியாகும், கூவுகிற குரலின் ராகம் மாறும். எழும்பூரில் கால் வைக்கும்போது காது பாதி மதராசுக்காரனுடையதாகியிருக்கும். வாய்க்கு மட்டும் கொஞ்ச நாள் பிடிக்கும். ரிக்‌ஷாக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "கேரளாவா சார்?" என்பார். சிலோன் என்றதும் முகம் மலர்ந்துவிடும். "மயில்வாகனன் எப்படி இருக்கார்?" என்று இலங்கை வானொலி அறிவிப்பாளரைத் தன் ஒன்றுவிட்ட தம்பியைப்போல விசாரிப்பார். அந்த மனிதரை நான் கண்ணால் கண்டதே இல்லை. ஆனாலும் நல்ல சுகமாக இருக்கிறார் என்று சொல்வேன். ரிக்‌ஷாக்காரர் திருப்தியோடு மிதிப்பார்.

எழுபதுகளின் கடைசியோடு பலாலியிலிருந்து இந்தியாவுக்கு விமானம் நின்றது. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. 1990இல் யாழ்தேவி நின்றது. 1956இல் தொடங்கிய நாளிலிருந்து எங்களில் எத்தனையோ பேரைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்த ரயில் அது. அதன் தண்டவாளம் பங்கருக்குக் கூரையாயிற்று, சிலிப்பர்க்கட்டை விறகாயிற்று.

எதுவும் இல்லாத காலத்திலும் ஒரு வழி இருக்கத்தான் இருந்தது. வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரை சுமார் 60 கிலோமீட்டர். வல்வெட்டித்துறைக்காரருக்கு அது பக்கத்துத் தெரு. எம்ஜிஆர் படம் வெளியான அன்றே வள்ளத்தில் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து கதை சொன்னவர்களைப் பற்றி நாங்கள் சிறுவயதில் கேட்டு வாய்பிளந்திருக்கிறோம். 1983க்குப் பிறகு அதே கடலில், அதே வகை வள்ளங்களில், குழந்தைகளைத் துணியில் கட்டிக்கொண்டு சனம் போனது. சினிமாவுக்குப் போன பாதை அகதிப் பாதையாயிற்று. அந்த வருடங்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், என்னைவிட உரிமை உள்ளவர்கள்.

நான் அப்போது சென்னையில் வேலையில் இருந்தேன். அம்மா யாழ்ப்பாணத்தில். 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதையைத் திறந்தார்கள் என்று கேட்டதும் கிளம்பினேன். சென்னையிலிருந்து கட்டுநாயக்கா சுமார் 650 கிலோமீட்டர். அதாவது அம்மாவின் வீட்டைத் தாண்டி, இலங்கையின் முழு நீளத்தில் பெரும்பகுதியையும் தாண்டிப் போய் இறங்கவேண்டும். அங்கிருந்து வெள்ளவத்தைக்கு வந்து, வான் பிடித்து, அதே தூரத்தில் பாதிக்கு மேல் திரும்பி வடக்கே வரவேண்டும். ஓமந்தையில் எல்லாரையும் இறக்கினார்கள். பொதிகளைத் தூக்கிக்கொண்டு நடந்து, ஒரு தரப்பிடம் எல்லாவற்றையும் திறந்து காட்டி மூடி, சூனியப் பிரதேசத்தைக் கடந்து, மறு தரப்பிடம் திறந்து காட்டி மூடி, வரி கட்டி, வன்னியைக் கடந்து, முகமாலையில் அதையே தலைகீழாகச் செய்யவேண்டும். அம்மாவுக்கென்று வாங்கிய நூல்சேலையை அத்தனை கைகள் விரித்து மடித்ததில், கடைக்காரர் போட்ட மடிப்பு எதுவென்று தெரியாமல் போயிற்று.

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வீட்டுப் படலையைத் திறந்தபோது அம்மா கேட்டா: "பிளேனில வந்தும் ஏன் மோனே இவ்வளவு நேரம்?"

அம்மாவின் கேள்விக்குப் பதில் 2019 அக்டோபர் 17ஆம் தேதி வந்தது. கேட்க அம்மா இருக்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு ஏடிஆர் விமானம் பலாலியில் இறங்கியது. நாற்பது வருடத்துக்குப் பிறகு. நவம்பரில் பயணிகள் சேவை தொடங்கியது, நாலு மாதத்தில் கொரோனா வந்து அதையும் நிறுத்தியது, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. 2023இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பலும் விட்டார்கள்.

முதன்முதல் அந்த விமானத்தில் ஏறியபோது யன்னலோரம் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். சிறிய விமானம், உயரே போய் மறைந்துவிடாது. கரை கூடவே வரும். வேதாரண்யத்து உப்பளங்கள் வெள்ளைக் கட்டங்களாகத் தெரிந்தன, பிறகு கோடியக்கரைக் காடு, பிறகு கடல். பாக்கு நீரிணை எவ்வளவு ஆழமற்றது என்பது மேலிருந்து பார்த்தால்தான் புரிகிறது. பச்சை நிறத்தில், அடியில் மணல் வரிகள் தெரிகிற அளவுக்கு. பக்கத்து இருக்கைப் பிள்ளை ஒரு பாட்டுக் கேட்டு அடுத்த பாட்டுக்குப் போவதற்குள் கடல் முடிந்தது. காங்கேசன்துறைக் கரை, சிமெந்துத் தொழிற்சாலை, செம்மண் தோட்டம், பனை, தகரக் கொட்டகைகளும் பச்சை வாகனங்களும் நிற்கிற படைமுகாம், ஓடுபாதை. இறங்கினால் வெயில். பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் இருந்தது. அதைப் பார்த்து எங்களில் வயதானவர்கள் கொஞ்சம் நின்றோம். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

விமானத்தில் எழுபது பேர் இருந்திருப்பார்கள். யாரோடும் பேச நேரம் இருக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த பிள்ளை டொரோண்டோவில் பிறந்தவள் என்று குடிவரவு வரிசையில் நிற்கும்போதுதான் தெரியவந்தது. பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து சென்னைக்கு வந்து, கலியாணச் சேலை வாங்கிக்கொண்டு, பாட்டியின் ஊருக்கு வருகிறாள். எங்கள் ஊர்களில் இந்தத் தூரம் யாருக்கெல்லாம் உயிர்ப் பிரச்சினையாக இருந்ததோ அவர்களில் எத்தனையோ பேர் இப்போது டொரோண்டோ மாதிரி ஊர்களில்தான். பாதை திறந்த நேரத்தில் பயணி உலகத்தின் மறுபக்கத்துக்குப் போயிருந்தான்.

திரும்பி வரும்போதும் போகும்போதும் இன்று எங்கள் ஆட்களின் பேச்சு முழுவதும் கிலோவைப் பற்றித்தான். சின்ன விமானம் என்பதால் பொதிக்குக் கட்டுப்பாடு. மீனம்பாக்கத்தில் ஒரு குடும்பம் தரையில் சூட்கேசை விரித்துவைத்துக்கொண்டு தி. நகர் முழுவதையும் பங்கு பிரித்துக்கொண்டிருந்தது. கூறைச்சேலை கைப்பைக்குப் போனது, பித்தளைக் குத்துவிளக்கு மாப்பிள்ளையின் தோளுக்குப் போனது, வெட்டிவேர் சோப்புகள் மாமியின் மடியில் ஏறின. "பரவாயில்லை, இன்னும் ரெண்டு கிலோதான்" என்று தராசைப் பார்த்துச் சொன்ன பெண்ணின் சந்தோஷம் என்னைத் தொற்றிக்கொண்டது. என் பையில் இடமிருந்தது, அவர்களின் சாம்பிராணிப் பெட்டிகளை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். பலாலியில் திருப்பிக் கொடுக்கும்போதுதான் எந்த ஊர் என்று கேட்டேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாம் ஒழுங்கை. மதவாச்சியாக இருந்திருந்தால் அந்த ஒரு வடைக்குள் தெரிந்திருக்கும்.

விமானம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வயது எனக்கு. ஒன்றேகால் மணித்தியாலத்தின் அருமை என் முழங்காலுக்குத் தெரியும். ஆனால் ராமேஸ்வரம் தலைமன்னார்க் கப்பலை மீண்டும் விடுவது பற்றி 2024 டிசம்பரில் இரண்டு அரசுகளும் கூட்டறிக்கையில் எழுதியிருக்கின்றன. ராமேஸ்வரத்துக்கு 2025இல் புதுப் பாம்பன் பாலம் திறந்தாகிவிட்டது. தலைமன்னாருக்கு ரயில் 2015இலேயே திரும்பிவிட்டது. இரண்டு பக்கமும் தண்டவாளம் கடல்வரை வந்து நிற்கிறது. நடுவில் ஒரு கப்பல்தான் பாக்கி.

எனக்காகக் கேட்கவில்லை. பித்தளைக் குடத்தோடு வந்த கிழவரின் ஆட்கள் புதுக்கோட்டையில் கொஞ்சமாக, நீலகிரியில் நிறையவாக இருக்கிறார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும், அவர்களைக் குடியேற்றுவதற்கென்றே அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், மறுபடியும் கொழுந்து பறித்துக்கொண்டு. அவர்களுடைய சித்தப்பாவும் அத்தையும் ஹட்டனில் இருக்கிறார்கள். ஐம்பது வருடமாகக் கடிதமும் போட்டோவும், இப்போது வீடியோக் காலும். விமானச் சீட்டின் விலையைக் கேட்டுவிட்டு, அடுத்த வருடம் பார்ப்போம் என்று வைத்துவிடுகிறவர்கள். கூலிக்காரர் எடுக்கக்கூடிய விலையில், கட்டுச்சோறும் பிள்ளைகுட்டியுமாக ஏறக்கூடிய ஒரு கப்பலை விடுங்கள். திரும்பி வரவும் சீட்டுக் கொடுங்கள்.